சிப்புக்குள் தமனி நோய்: மானோசைட் ஒட்டும் சோதனையில் எங்கே தவறுகிறேன்?

#1 நீரோட்டம்

வணக்கம். முனைவர் பட்டத்தில் இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். தமனித் தடிப்பு நோய் எப்படித் தொடங்குகிறது என்பதை மைக்ரோஃப்ளூயிடிக் சிப்பில், அதாவது நுண்ணிய கால்வாய் வார்த்த சிறு தகட்டில், செல்களை வளர்த்துப் பார்ப்பது என் வேலை. ஐந்து மாதமாக மனதை உறுத்தும் ஒன்றை இங்கே கேட்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிப் எளிமையானது. கண்ணாடித் தகட்டின் மேல் பிடிஎம்எஸ் ரப்பரில் வார்த்த ஒரே ஒரு நேரான கால்வாய். அகலம் 1 மி.மீ., உயரம் 100 மைக்ரான். உள்ளே செல் ஒட்ட உதவும் ஃபைப்ரோனெக்டின் புரதம் பூசி, தொப்புள்கொடிச் சிரையிலிருந்து எடுத்த எண்டோதீலியல் செல்களை, அதாவது இரத்தக் குழாயின் உட்சுவரை மூடும் செல்களை, விதைக்கிறேன். மூன்று மணி நேரம் ஒட்ட விட்டு, மீடியத்தை, அதாவது செல்லுக்கு உணவான திரவத்தை, ஓட்டத் தொடங்குவேன். ஓட்டம் சுவரை உரசி இழுக்கும் விசை, அதாவது ஷியர், சதுர செ.மீ.க்கு 15 டைன். நல்ல தமனியில் இருப்பதாகப் பாடப்புத்தகங்கள் சொல்லும் 10 முதல் 20க்குள் வரும் அளவு.

முதல் சிக்கல்: மூன்று சிப்பில் இரண்டில் ஐந்தாறு மணி நேரத்துக்குள் செல்கள் பாய் போலச் சுருண்டு போய்விடுகின்றன.

இரண்டாவதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. பிழைத்த சிப்புகளில் ஒரு நாள் ஓட்டம் கொடுத்து அதை ஆரோக்கியத் தமனி என்று வைத்துக்கொண்டேன். ஓட்டமே இல்லாமல் வைத்திருந்ததை நோயுற்ற தமனி என்று வைத்துக்கொண்டேன். பிறகு இரண்டிலும் மானோசைட் என்னும் வெள்ளை இரத்த அணுக்களை விட்டேன். ஓட்டம் இருந்ததில் அதே 15 டைனில் விட்டேன், இன்னொன்றில் சும்மா ஊற்றி வைத்தேன். முதலாவதில் ஒன்றுகூட ஒட்டவில்லை என்றே சொல்லலாம். இரண்டாவதில் மணல் கொட்டியதுபோல ஒட்டியிருக்கிறது. வழிகாட்டிக்கு ஒரே மகிழ்ச்சி. எனக்கோ, முடிவு இவ்வளவு அழகாக வந்ததுதான் பயமாக இருக்கிறது. என் பயம் சரியா?

#2 குருதிப்பாதை

சரிதான். அந்தப் பயத்தை விட்டுவிடாதீர்கள்.

நீங்கள் ஒரே சோதனையில் இரண்டு கேள்விகளைக் கலந்துவிட்டீர்கள். ஓட்டம் எண்டோதீலியல் செல்லின் குணத்தை மாற்றியதா என்பது ஒன்று. ஓடும் மானோசைட்டைச் சுவரில் நிற்க விடாமல் ஓட்டமே அடித்துக்கொண்டு போனதா என்பது இன்னொன்று. 15 டைனில் மானோசைட் சுவரைப் பிடித்து நிற்பது மிகக் கடினம். செல் ஆரோக்கியமாக இருந்தாலும் நோயுற்றிருந்தாலும் அங்கே எண்ணிக்கை குறையும். ஓட்டமில்லாத சிப்பில் அவை புவியீர்ப்பில் கீழே உட்கார்ந்துகொள்ளும். நீங்கள் எண்ணியது பெரும்பாலும் இயற்பியல், அதில் உயிரியல் எவ்வளவு என்று சொல்ல வழியில்லை.

செய்ய வேண்டியது இதுதான். 24 அல்லது 48 மணி நேரம் வெவ்வேறு ஓட்டங்களில் செல்களைப் பழக்குங்கள். பழக்கம் முடிந்ததும் எல்லாச் சிப்புகளையும் ஒரே தாழ்ந்த ஷியருக்குக் கொண்டுவாருங்கள், 1 டைன் போதும். அந்த ஒரே ஓட்டத்தில் மானோசைட்டுகளை விட்டு, ஒரே நேரம் காத்திருந்து, ஒரே அளவு மீடியத்தால் கழுவி எண்ணுங்கள். அப்போது மிஞ்சும் வித்தியாசம் செல் பரப்பில் முளைத்த விகேம்-1, ஈ-செலெக்டின் போன்ற பிடிமூலக்கூறுகளால் வந்தது என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

இன்னொன்று, இதை அழுத்திச் சொல்கிறேன்: ஓட்டமில்லாத நிலை நோய் அல்ல. உயிருள்ள மனிதத் தமனியில் அப்படி ஒரு நிலையே கிடையாது. நோய் வரும் இடத்திலும் இரத்தம் ஓடுகிறது, ஆனால் தடுமாறி ஓடுகிறது. கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில், உட்கிளையின் வெளிச்சுவரை ஒட்டி, ஒவ்வொரு துடிப்பிலும் ஓட்டம் முன்னே போய்ப் பின்னே திரும்புகிறது. கூ, கிடன்ஸ், ஸாரின்ஸ் குழுவினர் 1985இல் அந்தப் பிரிவின் மாதிரியில் ஓட்டத்தை அளந்து, இறந்தவர்களின் தமனிகளில் கொழுப்புப் படிவு இருந்த இடங்களோடு ஒப்பிட்டார்கள். ஷியர் தாழ்ந்தும் ஊசலாடியும் இருந்த இடத்தில்தான் சுவர் தடித்திருந்தது.

2004இல் கிம்ப்ரோன் ஆய்வகம் அடுத்த அடி வைத்தது. மனிதக் கழுத்துத் தமனியில் நோய் வரும் இடத்தின் துடிப்பு வடிவம், வராத இடத்தின் துடிப்பு வடிவம் இரண்டையும் எடுத்து, வளர்ப்புச் செல்கள் மேல் அப்படியே செலுத்தினார்கள். ஒரே வகைச் செல், ஒரே மீடியம், ஓட்டத்தின் வடிவம் மட்டும் வேறு. செல்லின் குணமே இரண்டாகப் பிரிந்தது. நோய் வராத இடத்தின் ஓட்டம் கேஎல்எஃப்2 என்ற காவல் மரபணுவை எழுப்பியது. நம் துறையில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது.

ஆகவே உங்கள் நோய்ச் சிப்பில் ஊசலாடும் ஓட்டம் வேண்டும்: நொடிக்கு ஒருமுறை முன்னும் பின்னும், உச்சம் 4 அல்லது 5 டைன், சராசரி பூஜ்யத்தை ஒட்டி. ஓட்டமில்லாத சிப்பையும் மூன்றாவதாக வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதை நோய் என்று எழுதாதீர்கள்.

#3 பாய்மவியல்

நான் உயிரியல் ஆள் இல்லை, இயந்திரப் பொறியியல். செல் சுருண்டு போவதைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

தட்டையான கால்வாயில் ஷியர் = 6 × பாகுநிலை × நொடிக்குப் பாயும் அளவு ÷ (அகலம் × உயரத்தின் வர்க்கம்). 37 டிகிரியில் மீடியத்தின் பாகுநிலையை 0.7 மில்லிபாஸ்கல்-நொடி என்று வைத்தால், உங்கள் சிப்புக்கு 15 டைன் வர நிமிடத்துக்குச் சுமார் 214 மைக்ரோலிட்டர் ஓட்ட வேண்டும். இதைத்தானே ஓட்டுகிறீர்கள்?

இப்போது அந்த உயரத்தின் வர்க்கத்தைப் பாருங்கள். கால்வாய் 100க்குப் பதில் 90 மைக்ரானாக இருந்தாலே ஷியர் 23 விழுக்காடு கூடிவிடும். 80 ஆக இருந்தால் ஒன்றரை மடங்குக்கும் மேல். அச்சை வார்க்கும்போது எஸ்யு-8 என்ற ஒளியில் இறுகும் பிசின் பூச்சு எவ்வளவு தடிமனில் நின்றதோ அதுதான் உங்கள் உயரம், வரைபடத்தில் போட்ட எண் அல்ல. ஒரு சிப்பைப் பலி கொடுங்கள். குறுக்கே பிளேடால் வெட்டி நிமிர்த்தி வைத்து மைக்ரோஸ்கோப்பில் அளந்து பாருங்கள்.

அப்புறம் குமிழி. குளிர்ந்த மீடியம் சூடாகும்போது அதில் கரைந்திருக்கும் காற்று வெளியே வரும். ஒரே ஒரு குமிழி கால்வாயில் நகர்ந்தால், அதன் விளிம்பு செல் படலத்தைத் தோசைக்கரண்டி போலச் சுரண்டிக்கொண்டு போகும். பாய் போலச் சுருண்டது என்று நீங்கள் சொன்னதும் எனக்கு முதலில் தோன்றியது இதுதான். மீடியத்தை முன்கூட்டியே இன்குபேட்டரில் வைத்துக் காற்றை இழுத்துவிடுங்கள். சிப்புக்கு முன்னால் ஒரு குமிழிப் பொறி வையுங்கள்.

பூஜ்யத்திலிருந்து நேராக 15க்குத் தாவுவதும் கூடாது. 1 டைனில் சில மணி நேரம், பிறகு 5, பிறகு 10 என்று படிப்படியாக ஏற்றுங்கள். மூன்று மணி நேரம்தான் ஒட்டியிருக்கிறது என்றால் செல்லுக்குக் கால் ஊன்ற அவகாசமே கொடுக்கவில்லை.

#4 வைகைக்கரை

நான் ஆராய்ச்சியாளன் இல்லை, வங்கியில் வேலை. அப்பாவுக்குப் போன வருடம் ஸ்டென்ட் வைத்தார்கள். அதிலிருந்து இந்தப் பகுதியை வாசித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு பாமரக் கேள்வி. ஆற்று வளைவில் நீர் மெதுவாகும் பக்கம் மணல் படிகிறது. இரத்தக் குழாயிலும் அதேதானே? அப்படியென்றால் ஒரு சின்னக் குழாயில் கொழுப்பு கலந்த நீரை ஓட்டிப் பார்த்தால் போதாதா, உயிருள்ள செல் எதற்கு? இன்னொன்று, என் அப்பாவின் தமனியையே இப்படிச் சிப்பில் செய்து பார்க்க முடியுமா?

#5 இதயவாசல்

வைகைக்கரை, முதலில் அப்பா நலமாக இருக்கட்டும். மருத்துவராக உங்கள் முதல் கேள்விக்குப் பதில் சொல்கிறேன். என் நோயாளிகள் பலரும் இதே உவமையைச் சொல்வதுண்டு.

இடத்தைப் பொறுத்தவரை ஆற்று உவமை சரி. பெருந்தமனி வளைவின் உட்பக்கமும் கிளை பிரியும் இடங்களும்தான் நோய்க்கு வசதியான இடங்கள். ஆனால் மணல் கரைமேல் படிகிறது, படிவு அப்படியல்ல. அது சுவரின் மேல் ஒட்டுவதில்லை, சுவருக்குள்ளே வளர்கிறது. தமனியின் உட்பக்கத்தில் ஒற்றை வரிசையாக ஓடு பதித்ததுபோல எண்டோதீலியல் செல்கள் இருக்கின்றன. அவை பலவீனப்படும்போது எல்டிஎல் கொழுப்புத் துகள் அவற்றுக்கு அடியில் புகுந்து தங்கி, மாற்றமடைகிறது. உடனே அந்தச் செல்கள் ஆபத்து மணி அடித்து, இரத்தத்தில் போகும் மானோசைட்டுகளைக் கூப்பிடுகின்றன. மானோசைட் ஒட்டி, உள்ளே நுழைந்து, கொழுப்பை விழுங்கி நுரைச்செல்லாக வீங்குகிறது. அப்படி வீங்கி அங்கேயே செத்தும் போகிறது. இதையெல்லாம் உயிருள்ள சுவர்தான் செய்கிறது. குழாயில் கொழுப்பு நீரை ஓட்டினால் இதில் எதுவும் நடக்காது.

ஒரு காலத்தில் விஞ்ஞானிகளே எதிர்ப்பக்கம் யோசித்தார்கள். வேகமான ஓட்டம் சுவரைத் தேய்த்துப் புண்ணாக்குவதால் நோய் வருகிறது என்ற கருத்தை 1968இல் ஃப்ரை முன்வைத்தார். அடுத்த ஆண்டே லண்டனில் காரோ குழு, இல்லை, ஷியர் தாழ்ந்த இடத்தில்தான் வருகிறது என்றது. சிப் ஆய்வுகள் இன்றும் அந்த வாதத்தின் தொடர்ச்சிதான்.

#6 குருதிப்பாதை

இரண்டாவது கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன். ஒரு பகுதி முடியும். நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் 2017இல், சிடி ஆஞ்சியோ படங்களிலிருந்து தமனியின் வடிவத்தை எடுத்து, முப்பரிமாண அச்சில் வார்த்து, உள்ளே எண்டோதீலியல் செல்களை வளர்த்து, மனித இரத்தத்தை ஓட்டினார்கள். நல்ல தமனி ஒன்று, குறுகிய தமனி ஒன்று. குறுகலில் இரத்தத் தட்டணுக்கள் திரள்வதைப் பார்க்க முடிந்தது.

செல்லையும் நோயாளியிடமிருந்தே எடுக்கலாம். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ட்ரஸ்கி குழு 2017இல் செய்ததைச் சொல்கிறேன். புரோஜீரியா என்று ஓர் அரிய நோய். குழந்தைகள் முதியவர்கள்போல ஆகி, பெரும்பாலும் பதின்வயதிலேயே மாரடைப்பிலோ பக்கவாதத்திலோ இறந்துவிடுகிறார்கள். அந்தக் குழந்தைகளின் செல்களை வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய தூண்டுதல் குருத்தணுவாக்கி, அதிலிருந்து தமனிச் சுவரைச் சுருக்கி விரிக்கும் மென்தசைச் செல்களை உருவாக்கி, சின்னஞ்சிறு இரத்தக் குழாய்களை வளர்த்தார்கள். அவை சுருங்கி விரியும் திறன் குறைந்திருந்தன, சுண்ணாம்பும் படிந்தது. எவரோலிமஸ் மருந்து கொடுத்தபோது அந்தத் திறன் ஓரளவு மேம்பட்டது. இவ்வளவு அரிய நோயில் நூற்றுக்கணக்கான குழந்தைகளை வைத்து மருந்துச் சோதனை நடத்தவே முடியாது. சிப்பும் வளர்ப்புக் குழாயும் அங்கே ஒரு பெரிய கதவைத் திறக்கின்றன.

ஆனால் உங்கள் அப்பாவின் தமனி நாற்பது ஐம்பது ஆண்டு வாழ்ந்த தமனி. அதைச் சில வாரத்துக்குள் யாராலும் வளர்க்க முடியாது. இன்றைக்கு சிப் நன்றாகக் காட்டுவது நோயின் முதல் சில அடிகளை. முற்றிய படிவு உடைந்து அடைப்பதை முழுதாகக் காட்டும் சிப் என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

#7 எலிக்கூடம்

கடைசிப் பத்தியை வைத்தே கேட்கிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம். நான் பன்னிரண்டு ஆண்டாக எலிகளோடு வேலை செய்கிறவன். ஒரு கால்வாய், ஒரு வகைச் செல், இரண்டு நாள் ஓட்டம், இதைத் தமனி நோய் என்று அழைப்பது சரியா? கல்லீரல் இல்லை, கொழுப்பு வளர்சிதை மாற்றம் இல்லை, எலும்பு மஜ்ஜை இல்லை, இரத்த அழுத்தம் இல்லை. 1992இல், இரத்தத்திலிருந்து கொழுப்பை அகற்ற உதவும் அபோ-ஈ மரபணுவை நீக்கிய எலி வந்தது. நமக்குத் தெரிந்ததில் பாதிக்கு மேல் அந்த எலி கொடுத்தது. உடல் முழுவதும் சேர்ந்துதான் நோய்.

#8 குருதிப்பாதை

கோபம் எதற்கு, உங்கள் கேள்வி நியாயமானது. அந்த எலி இல்லாமல் நான் இந்தத் துறைக்கே வந்திருக்க மாட்டேன். உடல் முழுவதையும் கேட்கும் கேள்விக்கு இன்றும் எலிதான்.

ஓட்டத்தைப் பற்றிய கேள்விக்கு மட்டும் எலி சரியான இடமல்ல. எலியின் பெருந்தமனியில் சுவர் ஷியர் மனிதனுடையதைவிடச் சுமார் இருபது மடங்கு என்று 2007இல் வைன்பெர்க், ஈத்தியர் இருவரும் காட்டினார்கள். எலி தன் கொலஸ்ட்ராலைப் பெரும்பாலும் நல்ல கொழுப்பு எனப்படும் ஹெச்டிஎல்லில் சுமக்கிறது, மரபணுவை மாற்றாவிட்டால் அதற்கு இந்த நோயே வருவதில்லை. மாற்றினாலும் படிவு மனிதனில்போல உடைவது அரிது.

எலி தவறவிட்டதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். 1990களின் இறுதியில் தன்னெதிர்ப்பு நோய்களுக்கு ஹெச்யு5சி8 என்ற எதிர்ப்பொருள் மருந்தை மனிதர்களுக்குக் கொடுத்தபோது இரத்தம் உறைந்து, சோதனையை நிறுத்த வேண்டியதாயிற்று. முன்சோதனைகள் இதைச் சொல்லவில்லை. மனிதத் தட்டணுவில் இருக்கும் எஃப்சி-காமா-2ஏ என்ற ஏற்பி எலியின் தட்டணுவில் கிடையவே கிடையாது. 2018இல் மனித எண்டோதீலியல் செல் வளர்த்த சிப்பில் மனித இரத்தத்தோடு இந்த மருந்தை ஓட்டினார்கள். உறைவு கண்முன்னே வந்தது. வகைக்கு ஒரு கருவி வேண்டும், அவ்வளவுதான் என் வாதம்.

#9 எலிக்கூடம்

இருபது மடங்கு என்பது எனக்குப் புதிது. எங்கள் ஆய்வகத்தில் ஓட்டத்தை யாரும் அளந்ததே இல்லை. ஒட்டுமொத்த நோய் பற்றி என் கருத்து மாறவில்லை. ஆனால் கழுத்துத் தமனியைப் பற்றி எலியிலிருந்து நான் எழுதிய சில வரிகளைத் திரும்பப் படிக்கப் போகிறேன்.

#10 பாய்மவியல்

சிப் பக்கம் இருப்பவர்களும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நீரோட்டத்தின் கால்வாயில் ரெனால்ட்ஸ் எண், அதாவது ஓட்டத்தின் உந்தம் பாகுநிலையை எவ்வளவு மிஞ்சுகிறது என்ற கணக்கு, 10க்குள் வரும். கழுத்துத் தமனியில் அது சில நூறு. ஆகவே கழுத்துத் தமனிப் பிரிவின் வடிவத்தை அப்படியே சுருக்கிச் சிப்பில் வார்த்தால் அந்தச் சுழலும் பின்னோட்டமும் தானாக வந்துவிடும் என்று எண்ணக் கூடாது. சிறிய கால்வாயில் ஓட்டம் தேன் போல வளைந்து பணிந்து போய்விடும். வடிவத்தைச் சுருக்கலாம், ஓட்டம் கூடவே சுருங்கி வராது. தடுமாற்றம் வேண்டுமானால் அதை பம்பால்தான் கொடுக்க வேண்டும். அதனால் #2இல் சொன்ன ஊசலாட்டம் சரியான வழி.

ஆனால் பம்ப் ஊசலாடினால் சிப்பும் ஊசலாடும் என்று நம்பிவிடாதீர்கள். நீளமான சிலிக்கான் குழாய் ஒவ்வொரு தள்ளுதலுக்கும் பலூன் போல உப்பி, நொடிக்கு ஒருமுறை வரும் துடிப்பை விழுங்கிவிடும். குழாயைக் குட்டையாக, விறைப்பானதாகப் போடுங்கள். சிப்பை ஒட்டி ஓட்ட உணரியை வைத்து அளந்து பாருங்கள். ஊசலாட்டத்தோடு கொஞ்சம் முன்னோட்டமும் சேர்த்துக் கொடுங்கள், இல்லாவிட்டால் அதே பழைய மீடியம் அங்கேயே ஆடிக்கொண்டிருக்கும், செல் பட்டினி கிடக்கும்.

#11 மருந்தகம்

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் இதே மாதிரிச் சிப்பில், கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மருந்தான சிம்வாஸ்டாட்டின் கொடுத்துப் பார்க்கிறேன். ஸ்டாட்டின்களும் கேஎல்எஃப்2வை எழுப்பும் என்பதால், நல்ல ஓட்டமும் ஸ்டாட்டினும் ஒரே கதவைத் தட்டுகின்றனவா என்பது கேள்வி. சாதாரண வளர்ப்புத் தட்டில் நன்றாக வேலை செய்த அளவு சிப்பில் ஒன்றுமே செய்யவில்லை. செல் மாறிவிட்டதா?

#12 குருதிப்பாதை

செல்லைக் குறை சொல்வதற்கு முன் ரப்பரைப் பாருங்கள். பிடிஎம்எஸ் கொழுப்பில் கரையும் சிறு மூலக்கூறுகளைப் பஞ்சுபோல உறிஞ்சும். 2006இலேயே விஸ்கான்சினில் காட்டிவிட்டார்கள். சிம்வாஸ்டாட்டின் அப்படிப்பட்டது. வெளியேறும் மீடியத்தை எடுத்து மருந்து எவ்வளவு மிச்சம் என்று அளந்தால் தெரிந்துவிடும். நீரில் கரையும் பிரவாஸ்டாட்டினையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

#13 நீரோட்டம்

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். எல்லோருக்கும் நன்றி, நீங்கள் சொன்னதை ஒவ்வொன்றாகச் செய்தேன்.

சிப்பை வெட்டி அளந்தேன். 100 இல்லை, 82 மைக்ரான். ஐந்து மாதமாக 15 என்று நினைத்து 22 டைன் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அன்று முழுவதும் யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை. இப்போது நிமிடத்துக்கு 144 மைக்ரோலிட்டர்தான் ஓட்டுகிறேன். இரவு முழுவதும் ஒட்டவிட்டு, படிப்படியாக ஏற்றி, குமிழிப் பொறியும் வைத்தேன். அதற்குப் பின் ஒரு சிப்கூடச் சுருளவில்லை. ஒரு நாள் முழுக்க ஓடினால் 200 மி.லி.க்கு மேல் மீடியம் வேண்டும் என்பதால் சுழற்சியில் ஓட்டுகிறேன்.

48 மணி நேரத்தில் செல்கள் ஓட்டத்தின் திசையில் நீண்டு வரிசையாகப் படுத்திருந்ததை முதல் முறை பார்த்தேன். வயலில் காற்றடித்து நாற்று சாய்ந்ததுபோல. ஊசலாட்டச் சிப்பில் அந்த வரிசை இல்லை, ஆளுக்கொரு திசை. ஒன்று கவனித்தேன்: நல்ல ஓட்டச் சிப்பிலும் பக்கச் சுவர்களை ஒட்டி செல்கள் கலைந்தே இருக்கின்றன. அங்கே ஷியர் குறைவு என்று புரிந்ததால் இப்போது நடுப்பகுதியில் மட்டும் எண்ணுகிறேன்.

மானோசைட்டுகளை எல்லாச் சிப்பிலும் 1 டைனில் விட்டேன். வித்தியாசம் முன்பு போல மலையளவு இல்லை. ஆனால் இருக்கிறது. மூன்று தடவை செய்தேன், மூன்றிலும் ஊசலாட்டச் சிப்பில்தான் அதிகம் ஒட்டின. வழிகாட்டியிடம் பழைய படத்தையும் புதிய படத்தையும் சேர்த்து வைத்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பழையதை எடுத்துவிடச் சொன்னார்.

அடுத்து இரண்டு கேள்வி. சிரையிலிருந்து வந்த செல்லை வைத்துத் தமனி என்று எழுதலாமா? அடியில் மென்தசைச் செல் அடுக்கு ஒன்று சேர்க்கலாமா?

#14 குருதிப்பாதை

அந்த 22 டைனை ஆய்வேட்டில் மறைக்காமல் எழுதுங்கள், அடுத்து வருபவருக்கு ஐந்து மாதம் மிச்சமாகும்.

சிரைச் செல் 1973இல் ஜாஃபே வளர்த்துக் காட்டிய நாளிலிருந்து எல்லோருக்கும் எளிதாகக் கிடைப்பது, அதனால்தான் எல்லோரும் அதில் தொடங்குகிறோம். முறை கைவந்துவிட்டது, இனி முக்கிய முடிவை மட்டும் மனித இதயத் தமனிச் செல்லில் ஒருமுறை திரும்பச் செய்யுங்கள். விலை அதிகம், பாசேஜ் 5க்குள், அதாவது ஐந்து முறை தட்டு மாற்றி வளர்ப்பதற்குள், முடித்துவிட வேண்டும். அதிலும் அதே திசையில் வந்தால் தமனி என்று எழுதுங்கள், வராவிட்டால் எண்டோதீலியம் என்று மட்டும் எழுதுங்கள்.

மென்தசை அடுக்கை இப்போது சேர்க்காதீர்கள். சீரம் நிறைந்த மீடியத்தில் அந்தச் செல் சுருங்குவதை மறந்து பெருகத் தொடங்கிவிடும், உங்கள் எண்டோதீலியல் செல்லுக்கோ அந்த மீடியம்தான் வேண்டும். இரண்டுக்கும் ஒத்துவரும் மீடியத்தைத் தனியாகத் தட்டில் கண்டுபிடித்துவிட்டு வாருங்கள். அதற்கு ஒரு புது இழை தொடங்குங்கள், எங்கள் ஆய்வகத்தில் எது எது ஒத்துவரவில்லை என்ற பட்டியலை அங்கே போடுகிறேன்.